ஊர்ப் பொதுக்கட்டடம்: இடத்தையும் ஆட்களையும் பார்த்துக் கட்டுவது என்றால் என்ன?

'மண்ணுக்கேற்ற கட்டடம்', 'இயற்கையோடு இயைந்த வடிவமைப்பு' என்ற பேச்சு இப்போது எங்கும் காதில் விழுகிறது. பூசாத செங்கல் சுவர், நாட்டு ஓடு, முற்றத்தில் ஒரு மரம் இருந்தால் போதும், உடனே அந்தப் பெயரைச் சூட்டிவிடுகிறோம். மண்சுவர் என்றாலே குளிர்ச்சி, காங்கிரீட் என்றாலே சூடு என்று தீர்ப்புச் சொல்பவர்களும் நிறைய.

சொந்த வீட்டில் இந்தக் குழப்பம் இருந்தால் பாதிப்பு அந்த வீட்டோடு போகும். சமுதாயக் கூடம், நூலகம், அங்கன்வாடி, பள்ளி ஆகியவை அப்படியில்லை. பொதுப்பணத்தில் ஒரு தடவை கட்டுவார்கள். அப்புறம் முப்பது நாற்பது வருஷம் ஊர் அதோடுதான் வாழவேண்டும். அதனால் இந்த விஷயம் கட்டடக்கலை படிக்காதவர்களுக்கும், குறிப்பாக ஊராட்சியில் கையெழுத்துப் போடுகிறவர்களுக்கும் கிராம சபையில் கைதூக்குகிறவர்களுக்கும், புரிந்திருக்கவேண்டும்.

விஷயம் இதுதான். எந்தப் பொருளால் கட்டியிருக்கிறார்கள் என்பதை வைத்து ஒரு கட்டடம் இடத்துக்கு ஏற்றதா என்று சொல்ல முடியாது. அந்த இடத்தில் வெயிலும் காற்றும் மழையும் எப்படி, அங்கே யார் எந்த நேரத்தில் எதற்காக வருகிறார்கள் என்ற இரண்டையும் கட்டடம் கணக்கில் எடுத்திருக்கிறதா என்று பார்க்கவேண்டும். அப்படிப் பார்த்துக் கட்டிய இரண்டு நல்ல கட்டடங்கள் ஒன்றுக்கொன்று நேர் எதிராகக்கூட அமையலாம். அது ஏன் என்று புரிந்துவிட்டால் மற்றதெல்லாம் தானாகப் புரியும்.

## வேப்பமர நிழலும் தகர நிழலும்

சித்திரை மாத மதியம். வேப்பமரத்தடியில் நிற்கிறீர்கள். பத்தடி தள்ளி, நாலு பக்கமும் திறந்த தகரக் கொட்டகை. இரண்டு இடத்திலும் நிழல் உண்டு, இரண்டிலும் வீசுவது ஒரே காற்று. ஆனால் தகரத்தடியில் போய் நின்றால் உச்சந்தலை காய்கிறது. மரத்தடியில் அப்படி இல்லை.

தகரம் வெயிலில் காய்ந்து, அந்தச் சூட்டைக் கீழே நிற்பவர் மேல் இறக்குகிறது. சூடேறிய ஒரு பொருள், தொடாமலேயே, தூரத்திலிருந்து நம் உடம்புக்குச் சூட்டை அனுப்புவதைக் கதிர்வீச்சு வெப்பம் என்கிறார்கள். வேப்பிலையும் வெயிலில்தான் இருக்கிறது. ஆனால் இலைகள் ஈரத்தை ஆவியாக விட்டுக்கொண்டே இருப்பதாலும், மேல் இலை கீழ் இலைக்கு நிழல் தருவதாலும், நமக்கு நேர் மேலே இருக்கும் இலை அந்த அளவுக்குச் சூடாவதில்லை.

இதைப் பிடித்துக்கொண்டால் நம் ஊர்க் கூடங்களின் பெரிய நோய் தெரிந்துவிடும். தமிழ்நாடு ஏறக்குறைய 8 முதல் 13½ பாகை வட அட்சரேகைக்குள் இருக்கிறது. ஆண்டில் இரண்டு தடவை சூரியன் நேர் உச்சிக்கு வரும். சென்னையில் அது ஏப்ரல் கடைசியிலும் ஆகஸ்ட் நடுவிலும். அதனால் சுவர்களைவிடக் கூரைதான் அதிக வெயில் வாங்குகிறது. காங்கிரீட் கூரைத்தளம் காலையிலிருந்து காய்ந்து காய்ந்து, சில மணி நேரம் கழித்துச் சூட்டை உள்பக்கம் விடுகிறது. சாயங்காலம் ஆறு மணிக்குச் சங்கக் கூட்டமோ வரவேற்போ தொடங்கும் நேரம் பார்த்துத்தான் தளம் சூட்டை இறக்கும். அப்போது எத்தனை மின்விசிறி போட்டாலும் தளத்திலிருந்து வரும் கதிர்வீச்சு குறையாது. காற்று அடிக்கும், தலையும் காயும்.

அடுத்தது கிழக்கும் மேற்கும். தெற்குச் சுவர் மீது மதிய வெயில் உயரத்திலிருந்து விழுவதால் சாதாரண சன்ஷேடே பெருமளவு தடுத்துவிடும். காலை வெயிலும் மாலை வெயிலும் படுத்துக்கொண்டு வருகின்றன. எவ்வளவு நீட்டி சன்ஷேடு போட்டாலும் அடியில் புகுந்துவிடும். அதனால்தான் நீளமான சுவர்களை வடக்கு தெற்கு பார்த்தும், குட்டையான சுவர்களைக் கிழக்கு மேற்கு பார்த்தும் வைக்கச் சொல்கிறார்கள். மேற்குப் பக்கம் சாமான் அறை, மாடிப்படி, கழிப்பறை போன்றவற்றை வைத்துவிட்டால் அவை வெயிலை வாங்கிக்கொண்டு கூடத்தைக் காக்கும். இதற்குக் கூடுதல் செலவே இல்லை. வரைபடத்தைத் திருப்பிப் போட்டால் போதும். எல்லா ஊருக்கும் பொதுவாக வரைந்து வைத்த ஒரே டைப் டிசைனை எடுத்து, சாலை எந்தப் பக்கம் இருக்கிறதோ அந்தப் பக்கம் வாசல் வைத்துக் கட்டிவிடுவதால் இந்த இலவச நன்மையைத்தான் ஊர் ஊராக இழக்கிறோம். எனக்கு மிகவும் ஆற்றாமை தரும் விஷயம் இது.

இதுவரை பார்த்தது: சூடு காற்றில் மட்டும் இல்லை, நம்மைச் சுற்றியிருக்கும் பரப்புகளிலிருந்தும் வருகிறது. நம் ஊரில் அதில் முதல் பங்கு கூரைக்கு, அடுத்தது மேற்கு கிழக்குச் சுவர்களுக்கு.

## கூரையைத் தூக்கி நிறுத்திய பள்ளிக்கூடம்

இனி உண்மையான ஒரு கட்டடத்துக்கு வருவோம். மேற்கு ஆப்பிரிக்காவில் புர்கினா ஃபாசோ என்ற நாடு. அங்கே காண்டோ என்ற கிராமம். 1965-இல் அங்கே பிறந்தவர் டியேபேடோ ஃபிரான்சிஸ் கேரே. ஊரில் பள்ளி இல்லாததால் சின்ன வயதிலேயே குடும்பத்தை விட்டு வெளியூர் போய்ப் படித்தார். பிறகு தச்சுத் தொழில் பயில ஜெர்மனி போய், பெர்லினில் கட்டடக்கலை படித்தார். படித்துக்கொண்டிருக்கும்போதே நிதி திரட்டி, தன் ஊருக்கு ஒரு தொடக்கப்பள்ளி கட்டினார். 2001-இல் அது முடிந்தது. 2004-இல் ஆகா கான் கட்டடக்கலை விருது அந்தப் பள்ளிக்குக் கிடைத்தது. 2022-இல் கட்டடக்கலையின் மிக உயர்ந்த விருதான பிரிட்ஸ்கர் பரிசு கேரேவுக்குக் கிடைத்தது; அதைப் பெற்ற முதல் ஆப்பிரிக்கர் அவர்.

விருதை விட்டுவிட்டுக் கட்டடத்தைப் பார்ப்போம். காண்டோவில் கோடையில் 40 டிகிரி வெயில் சாதாரணம். ஆண்டின் பெரும்பகுதி வறண்ட காற்று. மழைக்காலத்தில் பெரும் மழை. மின்சாரத்தை நம்ப முடியாது, கிரேன் கிடையாது. களிமண் மட்டும் தாராளம்.

சுவர்கள் களிமண் கற்கள். சிறிதளவு சிமென்ட் கலந்து, அச்சில் அழுத்திச் செய்தவை. கனமான சுவர் பகல் முழுவதும் சூட்டைத் தனக்குள் மெல்ல வாங்கிக்கொள்கிறது; உள்பக்கம் அந்தச் சூடு வந்து சேர்வதற்குள் நேரம் ஓடிவிடும். கனமான பொருள் இப்படிச் சூட்டைப் பிடித்து வைத்துத் தாமதமாக விடுவதை வெப்பத் தேக்கம் என்போம். சுவர் சூட்டை விடுகிற நேரத்தில் பள்ளி விட்டுப் பிள்ளைகள் வீட்டுக்குப் போயிருப்பார்கள். ராத்திரி அது ஆறிவிடும்.

கூரைதான் இந்தக் கட்டடத்தின் அழகு. வகுப்பறைக்கு மேலே களிமண் கற்களை இடைவெளி விட்டு அடுக்கிய ஓர் உள்கூரை. அதற்கு மேலே நல்ல இடைவெளி விட்டு, சாதாரணக் கம்பிகளை வெல்டிங் செய்து சட்டமாக்கி, அதன்மேல் தகரக் கூரை. தகரம் காய்கிறது, ஆனால் அதன் கதிர்வீச்சைக் கல் கூரை நடுவில் நின்று தடுத்துவிடுகிறது. தகரத்துக்கும் கல்லுக்கும் நடுவே காற்று ஓடிக்கொண்டிருப்பதால் சூடு அங்கே தேங்குவதில்லை. வகுப்பறையில் பிள்ளைகளின் மூச்சாலும் உடம்புச் சூட்டாலும் சூடேறிய காற்று லேசாகி மேலே ஏறி, கல் இடுக்குகள் வழியே வெளியே போய்விடுகிறது. அந்த இடத்துக்கு ஜன்னல் வழியே புதிய காற்று வருகிறது. சூடான காற்று மேலே போவதை வைத்து நடக்கும் இந்த ஓட்டத்தை மேலெழும் காற்றோட்டம் என்று வைத்துக்கொள்வோம். கீழே நுழைவதற்கும் மேலே வெளியேறுவதற்கும் வழி இருந்தால்தான் இது வேலை செய்யும். ஒன்றை அடைத்தால் இரண்டும் நின்றுவிடும்.

தகரம் நாலு பக்கமும் நன்றாக வெளியே நீண்டிருக்கிறது. மண்சுவர் மழையில் கரையாமல் இருப்பது அதனால்தான். ஊர்க்காரர்களுக்கு முதலில் மண்ணில் நம்பிக்கையே வரவில்லை. வருஷா வருஷம் மழையில் கரைந்த சுவர்களைப் பார்த்தவர்கள் அவர்கள். அந்தச் சந்தேகத்தில் நியாயம் இருந்தது. கேரே அதைத் தள்ளிவிடாமல், மண்ணைக் காக்கும் கூரையாலும் கலவையாலும் பதில் சொன்னார். ஊரே கூடி வேலை செய்தது. வெல்டிங் உட்பட எல்லாம் அங்கேயே கற்றுக்கொண்டார்கள். கட்டத் தெரிந்தவர்கள் ஊரிலேயே இருப்பதால் பழுதானால் சரிசெய்யவும் ஆள் உண்டு.

சுருக்கமாக: வறண்ட வெயில், பகல் நேரப் பயன்பாடு. அதற்குக் கனமான சுவர், இரட்டைக் கூரை, மேலே போகும் காற்று.

## புதுச்சேரியில் நேர் எதிர்

சரி, இதே பள்ளியை அப்படியே நம் கடற்கரைக்குக் கொண்டுவரலாமா? கூடாது. ஏன் என்று சொல்லப் பக்கத்திலேயே ஓர் அற்புதமான கட்டடம் இருக்கிறது.

புதுச்சேரி ஸ்ரீ அரவிந்தர் ஆசிரமத்தில் ஆசிரமவாசிகள் சேர்ந்து தங்குவதற்காகக் கட்டிய விடுதி கோல்கொண்ட். செக் நாட்டில் பிறந்து ஜப்பானில் வேலை செய்துவந்த அந்தோனின் ரேமண்ட் வடிவமைத்தது. 1930களில் தொடங்கி 1940களில் முடிந்தது. பின்னாளில் மரச்சாமான் கலைஞராக உலகப் புகழ்பெற்ற ஜார்ஜ் நகாஷிமாவும் செக் நாட்டுக் கட்டடக்கலைஞர் ஃபிரான்டிசெக் சாமரும் புதுச்சேரியிலேயே தங்கி வேலை பார்த்தார்கள். கட்டமைப்பு முழுக்கக் காங்கிரீட். 'காங்கிரீட் என்றாலே சூடு' என்பவர்கள் அவசியம் தெரிந்துகொள்ளவேண்டிய கட்டடம்.

கடற்கரை ஊரில் காற்றிலேயே ஈரம் அதிகம். நம் உடம்பு வியர்வையைக் காயவைத்துத்தான் குளிர்கிறது. ஈரமான காற்றில் வியர்வை லேசில் காயாது. உடம்பின்மேல் காற்று ஓடினால்தான் காயும். அப்புறம், இது தூங்கும் இடம். பகலில் சூட்டைத் தேக்கி வைத்து ராத்திரி விடுகிற கனமான சுவரைக் கட்டினால், சரியாகப் படுக்கும் நேரத்தில் அறை புழுங்கும். காண்டோவில் நன்மையான அதே வெப்பத் தேக்கம் இங்கே தொல்லை.

அதனால் ரேமண்ட் நீளமான இரண்டு பக்கங்களிலும் சுவருக்குப் பதிலாக, தரையிலிருந்து மேல்தளம்வரை, திருப்பி மூடக்கூடிய கிடைமட்ட லூவர்களை, அதாவது வரிசையாக அடுக்கிய சாய்பலகைகளை, வைத்தார். வெயில் வேண்டாம், மழைச்சாரல் வேண்டாம், காற்று மட்டும் வேண்டும் என்றால் அதற்குத் தகுந்தபடி சாய்த்துக்கொள்ளலாம். அறைகள் ஒரே வரிசை. பக்கத்தில் ஒரு நடை. அறைக்கும் நடைக்கும் இடையே இடைவெளிகள் கொண்ட தேக்குமர இழுப்புக் கதவுகள். மூடியிருந்தாலும் காற்று போகும், ஆள் தெரியாது. ஒரு பக்கம் நுழைந்த காற்று எதிர்ப்பக்கம் வெளியேறுவதற்குக் குறுக்குக் காற்றோட்டம் என்று பெயர். வெளியேற வழியில்லாத அறையில் ஒரே சுவரில் நாலு ஜன்னல் வைத்தாலும் காற்று சரியாக உள்ளே வராது. நம் வீடுகளிலும் கூடங்களிலும் அடிக்கடி நடக்கும் தவறு இதுதான்.

நீளமான பக்கங்கள் வடக்கும் தெற்கும் பார்க்கின்றன. மேலே தட்டையான தளம், அதற்கு மேல் வளைந்த காங்கிரீட் ஓடுகளாக இரண்டாவது கூரை, நடுவில் காற்று ஓட இடைவெளி. காண்டோவின் இரட்டைக் கூரையும் இதுவும் ஒரே தத்துவம். கூரைப் பிரச்சினை இரண்டு ஊருக்கும் பொது. சுவர்ப் பிரச்சினை வேறு வேறு. எது மாறவேண்டும், எது மாறவேண்டியதில்லை என்பதை இந்த இரண்டு கட்டடங்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் தெளிவாகக் காணலாம்.

இன்னொன்றும் சேர்க்கவேண்டும். காண்டோ போன்ற தூக்கிய தகரக் கூரையை வேதாரண்யம் பக்கம் கட்டினால் புயல் அடியில் புகுந்து தூக்கிவிடும். 2018 நவம்பரில் கஜா புயல் கரையைக் கடந்தபோது டெல்டா மாவட்டங்களில் தகரமும் ஓடும் பறந்ததை நாம் பார்த்தோம். அங்கே கூரை வெயிலுக்கு மட்டும் பதில் சொன்னால் போதாது. தரையோடு அதை எப்படிப் பிணைக்கிறோம் என்பதும் முதல் கேள்வி.

## ஆட்கள்: யார், எப்போது, எதற்கு

இடத்தைப் பற்றிப் பேசும்போதே ஆட்களும் வந்துவிட்டதைக் கவனித்திருப்பீர்கள். பகலில் படிக்கும் பிள்ளைகள், ராத்திரி தூங்கும் ஆசிரமவாசிகள். இரண்டையும் பிரிக்க முடியாது. ஆனால் 'மக்களிடம் கருத்துக் கேட்டோம்' என்பதோடு இந்தப் பாதி பெரும்பாலும் முடிந்துவிடுகிறது. கூட்டம் போட்டு 'என்ன வேண்டும்?' என்று கேட்டால், முன்வரிசையில் இருப்பவர்கள் 'ஏசி வேண்டும், டைல்ஸ் வேண்டும்' என்பார்கள். பின்னால் நிற்கும் பெண்கள் பேசமாட்டார்கள். 'போன தடவை இங்கே வளைகாப்பு நடந்தபோது என்ன சிரமப்பட்டீர்கள்?' என்று தனியாகக் கேட்டுப் பாருங்கள். கொட்டித் தீர்த்துவிடுவார்கள்.

வங்கதேசத்தில் தினாஜ்பூர் மாவட்டத்து ருத்ராபூரில் 'ஆனந்தாலய்' என்றொரு கட்டடம். ஜெர்மன் கட்டடக்கலைஞர் அன்னா ஹெரிங்கர், மண்ணாலும் மூங்கிலாலும் கட்டியது. 2020-இல் ஓபெல் என்ற கட்டடக்கலை விருது பெற்றது. கீழே மாற்றுத்திறனாளிகளுக்கான மையம், மேலே கிராமத்துப் பெண்கள் துணி தைக்கும் கூடம். கட்டடத்தைச் சுற்றி வளைந்து மேலே ஏறும் பெரிய சாய்தளம்தான் அதன் முகம். நம் ஊரில் சாய்தளத்தைப் பக்கவாட்டில் ஒளித்து, விதிக்காக ஒட்டவைப்பார்கள். பாதி இடத்தில் அது நிமிர்ந்து நிற்கும், சக்கர நாற்காலி ஏறாது. ஓரடி உயரத்துக்குப் பன்னிரண்டடி நீளம் என்பதுதான் பொதுவாக ஏற்றுக்கொண்ட கணக்கு. ஆனந்தாலயில் அந்தச் சாய்தளத்தையே எல்லோரும் பார்க்கும் இடத்தில் வைத்ததால், மாற்றுத்திறனாளிகள் யாருடைய தயவிலும் பின்வாசல் வழியே போகவேண்டியதில்லை.

நம் சமுதாயக் கூடத்துக்கு வருவோம். காலையில் மகளிர் குழுக் கூட்டம், முகூர்த்த நாளில் கல்யாணம், நடுவில் ஒரு பதினாறாம் நாள் காரியம், கிராம சபை, தடுப்பூசி முகாம், ஐப்பசி கார்த்திகையில் வெள்ளம் வந்தால் நிவாரண முகாம். இத்தனைக்கும் ஒரே பெட்டி மாதிரி ஒரு கூடம். கல்யாணத்துக்கு 300 பேர், குழுக் கூட்டத்துக்கு 15 பேர். 15 பேர் அந்தப் பெரிய கூடத்தில் உட்கார்ந்தால் பேசுவது எதிரொலித்து யாருக்கும் கேட்காது. வழுவழுப்பான டைல்ஸும் பூசிய சுவரும் சத்தத்தை அங்குமிங்கும் திருப்பி அனுப்பும். கூடத்தை ஒட்டி ஒரு சின்ன அறை இருந்தால் வருஷம் முழுவதும் அதுதான் அதிகம் பயன்படும்.

சமையலறையைப் பற்றிக் கொஞ்சம் நின்று பேசவேண்டும், ஏனென்றால் வரைபடத்தில் அது ஒரு சின்னச் சதுரம்தான், நிஜத்தில் பாதி வேலை அங்கேதான். காற்று எந்தப் பக்கமிருந்து வருகிறதோ அந்தப் பக்கம் அடுக்களையை வைத்தால், வடை சுடும் புகை முழுக்கப் பந்தியில் உட்கார்ந்தவர்கள் கண்ணுக்குப் போகும். பாத்திரம் துலக்குவதற்கு வெளியே நிழலும் தண்ணீரும் சாய்வான தரையும் வேண்டும். இல்லாவிட்டால் அந்த அம்மாக்கள் வெயிலில், சேற்றில் குந்தியிருப்பார்கள். கை கழுவும் இடம் பந்தியிலிருந்து வெளியேறும் வழியில் இருக்கவேண்டும், உள்ளே வரும் வழியில் இருந்தால் இரண்டு கூட்டமும் முட்டிக்கொள்ளும். பெண்கள் கழிப்பறைக்கு ஆண்கள் கூடி நிற்கும் இடத்தைத் தாண்டிப் போகவேண்டியிருந்தால், அதைப் பயன்படுத்தாமல் அடக்கிக்கொண்டுதான் இருப்பார்கள்.

ஆகவே ஆட்களைப் பார்ப்பது என்பது நேரம், எண்ணிக்கை, நடக்கும் வழி, வெட்கம், முதுகுவலி எல்லாவற்றையும் பார்ப்பது.

## நிலத்தை எப்படிப் படிப்பது?

கருவி எதுவும் வேண்டாம். மே மாதம் மதியம் இரண்டு மணிக்குப் போய் நில்லுங்கள். ஆடு மாடும் ஆளும் எங்கே ஒதுங்குகிறார்கள் என்று பார்த்தால் நிழலும் காற்றும் எங்கே என்று தெரிந்துவிடும். கிழக்குக் கடலோரத்தில் மதியத்துக்கு மேல் கடல்காற்று கிழக்கிலிருந்தும் தென்கிழக்கிலிருந்தும் வரும். கோவைப் பக்கம் ஆடிக் காற்று பாலக்காட்டுக் கணவாய் வழியே மேற்கிலிருந்து வரும். கணவாய்க் காற்று பலமாக வீசும் ஆரல்வாய்மொழியில் காற்றை வரவேற்பதைவிட அடக்குவதுதான் கவலை. மாநிலம் முழுவதற்கும் ஒரே ஜன்னல் கணக்கு சரிவராது.

அப்புறம் ஐப்பசி மழையில் ஒரு தடவை போய்ப் பாருங்கள். ஊருக்குப் பொதுவான நிலம் என்றால் பெரும்பாலும் புறம்போக்கு. அது ஏரி, வாய்க்கால் ஓரத் தாழ்வான இடமாகவே பல ஊர்களில் இருக்கும். பெருவெள்ளத்தில் தண்ணீர் எதுவரை வந்தது என்று வயதானவர்கள் சுவரைத் தொட்டுக் காட்டுவார்கள். பேஸ்மட்டம், அதாவது கட்டடத்தின் தரை, அதற்கு மேலே இருக்கவேண்டும். நிவாரண முகாமாக ஆகப்போகும் கட்டடம் முதலில் மூழ்கினால் அதைவிடக் கொடுமை இல்லை. தண்ணீர் வழக்கமாக ஓடும் தடத்தில் குறுக்கே கட்டிவிட்டால், பக்கத்துத் தெருவும் சேர்ந்து மூழ்கும்.

இருக்கிற மரத்தை வெட்டுவதற்கு முன் அதன் நிழல் மாலையில் எங்கே விழுகிறது என்று பாருங்கள். மேற்குப் பக்கம் ஒரு புங்கமரம் நின்றால், எந்தப் பொறியாளரும் தரமுடியாத சுவர் அது. குறுக்கே போகும் ஒற்றையடிப் பாதையையும் கவனியுங்கள். கட்டி முடித்த பிறகும் ஜனங்கள் அதே வழியில்தான் போவார்கள். வாசலை அந்தப் பாதையோடு சேர்த்துவைத்தால் கட்டடம் ஊரோடு சேர்ந்துகொள்ளும்.

கடைசியாக, சாவி. பல ஊர்களில் சமுதாயக் கூடம் வருஷத்தில் பெரும்பாலான நாள் பூட்டியே கிடக்கும். சாவி யாரோ ஒருவரிடம் இருக்கும். யாரிடம் இருக்கவேண்டும் என்பதை வரைபடத்தால் தீர்க்க முடியாது. ஆனால் பூட்டுக்கு வெளியே என்ன இருக்கவேண்டும் என்பதைத் தீர்க்கலாம். வாசல் பக்கம் எட்டடி, பத்தடி அகலத் தாழ்வாரம், அதன் ஓரத்தில் உட்காரும் உயரத்தில் திண்ணை, ஒரு விளக்கு, அதற்கு வெளியிலேயே சுவிட்சு, ஒரு குடிதண்ணீர்க் குழாய். மொத்தச் செலவில் இது சிறு பங்குதான். பூட்டிய நாளிலும் பிள்ளைகள் அங்கே உட்கார்ந்து படிக்கலாம், பஸ்ஸுக்கு நிற்பவர் மழைக்கு ஒதுங்கலாம், குழுப் பெண்கள் கணக்குப் பார்க்கலாம். மதிப்பீட்டில் செலவைக் குறைக்கச் சொன்னால் முதலில் வெட்டப்படுவது இந்தத் தாழ்வாரமாகத்தான் இருக்கும். டைல்ஸைக் குறைத்துக்கொள்ளச் சொல்லுங்கள், இதை விடாதீர்கள்.